தண்ணீர்க் கதவும் ஆயத்த ஆராதனையும்

கோலசிலாங்கூருக்கு வடக்கே, கடலோரத் தோட்டங்களின் நிலம் கடல் ஏறும்போது அதைவிடத் தாழ்ந்து கிடக்கும். மண்கரை கட்டித்தான் கடலை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே பெய்த மழை வெளியேற வேண்டும். வெளியே இருக்கும் உப்புத்தண்ணீர் உள்ளே வரக்கூடாது. இரண்டையும் ஒரே கதவு செய்தது. கனத்த மரக்கதவு, மேல்விளிம்பில் மட்டும் கீல் போட்டு, கடல் பக்கமாகத் தொங்கும். பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை. கடல் இறங்கினால் உள்தண்ணீர் அதைத் தள்ளித் திறந்துகொண்டு போகும். கடல் ஏறினால் கடலே அதை அழுத்திச் சாத்திவிடும்.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தம்பிராஜாவுக்கு இதை யாருக்காவது விளக்குவதென்றால் சாப்பாடு மறந்துவிடும். கடைசியில் எப்போதும் ஒன்று சொல்வார்: "இது உப்பை வெளியில நிப்பாட்டும், அவ்வளவுதான். உள்ள வந்த உப்பை எடுக்க இதால ஏலாது. அதுக்கு மழைதான் வரவேணும்."

தானாகவே வேலை செய்யும் கதவுக்கு ஆள் எதற்கு? குப்பைக்காக. ஒரு மட்டை, ஒரு கட்டை இடையில் சிக்கினால் போதும், கதவு சாத்தாது. உப்பு ஏறினால் தென்னை தாங்கும். அதன் நிழலில் நட்டிருக்கும் கொக்கோ தாங்காது. ஆகவே கடல் ஏறும் நேரமெல்லாம் தோட்டத் தொழிலாளி நல்லசாமி கதவடியில் இருப்பான்.

தம்பிராஜா தோட்டத்துச் சிறு தேவாலயத்தின் மூப்பரும்கூட. போதகர் கிள்ளானிலிருந்து சில மாதங்களுக்கு ஒருமுறைதான் வருவார், அப்போதுதான் திருவிருந்து. முந்தின நாள், சனிக்கிழமை சாயந்திரம், ஆயத்த ஆராதனை. பாவத்தை நினைத்துப் பார்த்து, மனத்தைத் தயார்செய்துகொள்வதற்கு. அதற்கு வராதவருக்கு மறுநாள் அப்பமும் திராட்சரசமும் கிடையாது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் தம்பிராஜாதான். ஒரு காலத்தில் சிலர் கள்ளுக்கடையிலிருந்து நேரே பந்திக்கு வந்தார்கள். சட்டம் வந்தபின் அது நின்றது.

நல்லசாமி ஞானஸ்நானம் பெற்று ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. இன்னும் ஒருமுறைகூட அப்பம் வாங்கவில்லை. கடல் நாளுக்கு நாள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிந்தி ஏறும். அதற்குச் சனிக்கிழமை கிடையாது. போதகர் வரும்போதெல்லாம் ஆராதனை நேரமும் கடல் ஏறும் நேரமும் முட்டிக்கொண்டன.

"காலண்டர்ல சனிக்கிழமைன்னுதான் போட்டிருக்கு. கடலுக்குப் படிக்கத் தெரியலயே, என்ன செய்ய" என்பாள் அவன் மனைவி திலகம்.

அந்தச் சனிக்கிழமை அமாவாசையை ஒட்டி வந்தது. கடல் மிக உயரமாக ஏறும் சமயம். தம்பிராஜா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆராதனைக்கு முன் சைக்கிளில் கதவடிக்குப் போனார். இந்தத் தடவையும் அப்பம் இல்லை என்று நேரில் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று அவருக்குத் தோன்றியது.

நல்லசாமி நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். கதவின் அடியில் ஒரு தென்னங்கட்டை சிக்கியிருந்தது. இடுக்கு வழியாகக் கடல் உறுமிக்கொண்டு உள்ளே வந்தது.

"வராதீங்கய்யா, சட்ட அழுக்காயிடும். மண்டோருக்கு மட்டும் சொல்லி விடுங்க."

கூலியாட்களைக் கூட்டிக்கொண்டு மண்டோர் வருவதற்குள் என்ன ஆகும் என்பது தம்பிராஜாவுக்குத் தெரியும். கடல் ஏற ஏறக் கதவின்மேல் அழுத்தம் கூடும். கூடக் கூடக் கட்டை இறுகும். மேலே நின்று ஒருவர் கதவை நெம்ப வேண்டும், கீழே இருந்து ஒருவர் கட்டையை இழுக்க வேண்டும். தனி ஆளால் நடக்காது.

அவர் கரையில் கிடந்த கடப்பாரையை எடுத்தார். தேவாலய மணி கரைக்கு அப்பால் கேட்டது.

"ஐயா, மணி அடிக்குதுலா. நீங்க போங்க."

"பேசாமல் இழு."

மணி ஓய்ந்து, பாட்டுக் கேட்டு, பாட்டும் ஓய்ந்தது. அவர் உள்ளங்கை உரிந்தது. பொழுது சாயும்போது கட்டை பிடுங்கிக்கொண்டு வந்தது; கதவு கனத்த சத்தத்தோடு சாத்தியது. நல்லசாமி கரையேறி உட்கார்ந்தான்.

"உப்புத்தண்ணி உள்ள நெறையா வந்துடுச்சுங்கய்யா" என்றான். பிறகு, மெல்ல, "நாளைக்கு நான் வெளிய நின்னு பாத்துக்கிறேன். அது போதும்."

தம்பிராஜா சொல்ல வந்ததை அவனே சொல்லிவிட்டான். தாமும் ஆயத்த ஆராதனைக்குப் போகவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

காலையில் போதகரிடம் அதைச் சொன்னார். "எனக்கு இண்டைக்கு இல்லை, ஐயா."

"கதவடியிலதானே இருந்தீங்க? அது நியாயமான காரணம்" என்றார் போதகர்.

"அப்படியெண்டால் அவனுக்கும் அதே காரணம்தான். இவ்வளவு நாளும்." அவர் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். "நான் ஒருக்காலும் கேக்கேல்லை."

"சட்டத்தை எடுத்துடலாமா?"

தம்பிராஜா யோசித்தார். அந்தச் சட்டம் கள்ளை வாசலில் நிறுத்தியது உண்மை. ஆனால் இத்தனை வருடமும் ஒரு சனிக்கிழமையும் தவறாமல் வந்த தமக்குள் ஒரு பெருமை ஊறிக் கிடந்ததே, அதை அந்தச் சட்டம் என்ன செய்தது? கூரைத் தகரத்தில் மழை விழத் தொடங்கியிருந்தது.

"ஆயத்த ஆராதனை இருக்கட்டும், ஐயா. வராட்டி அப்பம் இல்லையெண்ட பேச்சு வேண்டாம்."

வாசலுக்கு வெளியே, கூரை ஓரத்தில், நல்லசாமி துவைத்துப் போட்ட சட்டையோடு நின்றிருந்தான். பக்கத்தில் திலகம்.

"உள்ள வா."

"நேத்து நான் வரலீங்களேய்யா."

"நானும் வரேல்லை. வா, ரெண்டு பேரும் சேர்ந்து போவம்."

அவன் நகரவில்லை. திலகம் முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளினாள். "கூப்புடுறாங்கல்ல, போங்க. ஊருக்கெல்லாம் கதவு பாக்குற ஆளு, தன் வாசல்ல நின்னுக்கிட்டு."

இருவரும் அருகருகே முழங்காலில் நின்றார்கள். கையை எப்படி வைப்பது என்று நல்லசாமிக்குத் தெரியவில்லை. தம்பிராஜா துணியை அவிழ்த்து, உரிந்த வலக்கையை இடக்கையின்மேல் ஏந்திக் காட்டினார். நல்லசாமியும் அப்படியே ஏந்தினான். போதகர் அப்பத்தை வைத்தார், முதலில் நல்லசாமியின் கையில்.

அவன் வெகுநேரம் எழவில்லை. பிறகு திடுக்கிட்டவன்போல் திரும்பி, கிசுகிசுத்தான்: "ஐயா, கடல் எறங்குற நேரம். கதவு தெறக்குதான்னு பாக்கணும்."

மழை தகரத்தில் பலமாக விழுந்துகொண்டிருந்தது.

"இரு" என்றார் தம்பிராஜா. "இண்டைக்கு அது தானாத் திறக்கும்."