பத்து ஓட்டத்துக்கு ஒரு புட்டா

அடுத்த வீட்டுச் சமாச்சாரத்தில் தலையிடும் வழக்கம் எனக்கு இல்லை. எங்கள் ஜன்னல் எதிர்வீட்டுக் கூடத்தைப் பார்த்துத் திறக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அந்த வீட்டுக்கு அறுபத்தொன்பதில் தேவசகாயம் குடிவந்தார். என்ன உத்தியோகம் என்று கேட்டேன். பாஸ்கெட்பால் கோச்சு என்றார். பந்தை வளையத்தில் போடச் சொல்லிக்கொடுத்தால் சம்பளம் தருகிறார்களாம். செவிலிமேடு முழுக்க இதைச் சொல்லி முடிக்க எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது.

சம்பளம் தந்தவர் பட்டுக்கடை முதலாளி காசிநாதன். மெட்ராஸில் ஒரு மேட்ச் பார்த்துவிட்டு வந்தவருக்கு, கடைப் பெயர் போட்ட பனியனோடு பத்துப் பேர் ஓடினால் நன்றாயிருக்கும் என்று தோன்றிவிட்டது. தன் தறிக்காரர்களையே டீமாக்கினார். காணும் பொங்கலன்று வாலாஜாபாத்தில் நடக்கும் போட்டியில் கப்பு வரவேண்டும், வராவிட்டால் கோச்சு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார்.

தேவசகாயத்துக்கு இது மூன்றாவது ஊர். ஆவடியில் ஒரு வருஷம், அரக்கோணத்தில் ஒன்பது மாதம். டீம் தோற்கும், இவர் மூட்டை கட்டுவார். அதனால் அவர் மனைவி மேரி இந்தத் தடவை பெரிய டிரங்குப் பெட்டியைத் திறக்கவே இல்லை. கட்டின கயிறோடு கூடத்தில் கிடந்தது. உள்ளே என்ன என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"கப்பு வரட்டும்க்கா, பிரிக்கிறேன். வர்லன்னா மறுபடி கட்டுற வேலையாவது மிச்சம்" என்றாள்.

வராவிட்டால் அவள் அண்ணன் இருக்கும் ரைஸ்மில்லில் இவரும் நெல் அவிக்கப் போவதென்று ஏற்பாடு. அண்ணன் மேஸ்திரியிடம் சொல்லியும் வைத்துவிட்டானாம்.

உடலும் கரையும் வேறு நிறமாகக் கோக்கும் கோர்வைச் சேலை நெய்ய ஒரு தறிக்கு இருவர் வேண்டும். நூலோடு குறுக்கே ஓடும் நாடாவை ஒருவர் தள்ள, மற்றவர் வாங்கித் திருப்பித் தள்ளுவார். முகம் பார்க்க மாட்டார்கள். ஒரே தறியில் நெய்யும் துரைக்கண்ணு, வீராசாமி ஜோடி மைதானத்திலும் அப்படியே. துரைக்கண்ணு தள்ளினால் வீராசாமி கையில், வீராசாமி தள்ளினால் துரைக்கண்ணு கையில். மேலே வளையம் என்று ஒன்று இருப்பதை இருவருமே மதிக்கவில்லை. ஐப்பசியில் தென்னேரிக்காரர்களோடு முதல் மேட்ச். பந்து பெரும்பாலும் நம்மவர்களிடம்தான் இருந்தது. நாம் ஆறு, அவர்கள் இருபத்திரண்டு.

அன்று மேரி பெட்டிக் கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கினாள்.

மறுநாள் கோச்சு துரைக்கண்ணுவின் தறியருகே போய் உட்கார்ந்துவிட்டாராம். அவன் பெண்டாட்டி அம்சவேணி வந்து சொன்னாள். மத்தியானம் வரை வேடிக்கை பார்த்தவர், சேலையில் இருந்த சின்னப் பூவைக் காட்டி, இந்தப் புட்டா எப்போது விழும் என்று கேட்டிருக்கிறார். நாடாவின் எண்பது ஓட்டத்துக்கு ஒன்று என்றானாம் துரைக்கண்ணு.

"நமக்குப் பத்து ஓட்டத்துக்கு ஒரு புட்டா" என்று எழுந்தாராம் கோச்சு.

சாயங்காலம் மைதானத்தில் இதைச் சொன்னதும் டீமுக்குப் புரிந்துவிட்டது. பத்தாவது கை யாருடையதோ, அவர் வளையத்தில் போடவேண்டும். அதன் பிறகு எண்ணி எண்ணிப் போட்டார்கள்.

காணும் பொங்கலன்று நானும் மேரியோடு வாலாஜாபாத் போனேன். எனக்கு அங்கே வேறு வேலை இருந்தது. என்ன வேலை என்று இப்போது ஞாபகம் இல்லை. கடைசி ஆட்டம், கடைசி நிமிஷம், வாலாஜாபாத் டீம் ஒரு பாயிண்ட் முன்னால். துரைக்கண்ணு வளையத்தின் கீழே தனியாக, கையில் பந்தோடு நிற்கிறான். போடவேண்டியதுதானே? வீராசாமி எங்கே என்று தேடுகிறான்.

"போடுப்பா" என்று கத்தினார் கோச்சு.

"ஏழுதான் சார் ஆயிருக்குது."

ரெஃபரி விசிலை வாயில் வைத்துவிட்டார். மேரி என் முழங்கையைப் பிடித்த பிடி ஒரு வாரம் வலித்தது. கோச்சு கோட்டோரம் ஓடிவந்து, "எட்டு, ஒம்போது, பத்து" என்றார். துரைக்கண்ணுவின் கை தானாகத் தூக்கிப் போட்டுவிட்டது. பந்து உள்ளே விழுந்தது, விசில் ஊதியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லார் மடியிலும் கப்பு ஒரு சுற்று வந்தது. துரைக்கண்ணு மட்டும் தொடவில்லை. எண்ணிக்கை தப்பிப் புட்டா விழுந்தால் கடையில் சேலையையே திருப்பிவிடுவார்கள் என்று செவிலிமேடு வரை முனகிக்கொண்டே வந்தான். காசிநாதன் திருப்பவில்லை. இன்னும் மூன்று வருஷம் இரும் என்று கோச்சிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை மேரி பெட்டிக் கயிற்றை அறுத்தாள். நான் அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். மேலே ஒரு பைபிள், இரண்டு சட்டை, அடியில் மடித்து வைத்த துணி. எடுத்து உதறினாள். பூப்போட்ட ஜன்னல் திரை. தேவசகாயம் சுத்தியலோடு ஸ்டூலில் ஏறி இரண்டு ஆணி அடித்தார்.

"இத்தினி நாளு வெறும் ஜன்னலையே பாத்துக்கினு இருந்தீங்களேக்கா" என்று சிரித்தபடி மேரி திரையை இழுத்துவிட்டாள்.

கெட்டித் துணி. ஒன்றும் தெரியவில்லை. பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.