தேர்வு நடந்த இடம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. பிரான்ஸின் ஆன்டீப் துறைமுகத்தில் கயிறும் பெயின்ட்டும் விற்கிற என் கடைக்கு, எதையும் வாங்காமல் பேசிவிட்டு மட்டும் போகிற படகு ஏஜென்ட் கிஸ்லேன் விட்டுச் சென்றது. சும்மா வந்ததால் குறை சொல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

முதல் தொடக்கம்: “நீலக் கடலின் மடியில் வெண்படகு உறங்கிக்கொண்டிருந்த வேளையில்...”

(வேண்டாம். காலை ஆறு மணிக்குத் தளம் கழுவுகிறவர்கள் யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.)

2

மர்லீஸுக்குத் துணைக் கேப்டனாக வேண்டும். தென்னாப்பிரிக்காக்காரி. கோடீஸ்வரர்களின் உல்லாசப் படகுகளில் மூன்று வருஷம் தளம் தேய்த்தவள். வெள்ளிக்கிழமை காலை, துறைமுகத்துக்கு எதிரே உள்ள பள்ளியில் வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். சனிக்கிழமை படகு துனீசியா கிளம்புகிறது.

வியாழன் மாலையே கிஸ்லேன் மாலுமிகள் எல்லோரையும் எல்லைக் காவல் கவுண்டருக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

“ஒரே நடையா முடிச்சிடலாம்மா. கிளம்பற தேதியைப் போட்டுத்தானே எப்பவும் குத்துவாங்க?”

அது முத்திரைக் காலத்து வழக்கம்; இப்போது கைரேகை இயந்திரம். மர்லீஸ் கண்ணாடியில் விரல்களை வைத்தாள். இயந்திரம் சனிக்கிழமையைப் போடவில்லை. அந்த நிமிஷத்தைப் போட்டது. வியாழன், மாலை 5.12: வெளியேறினார். அவள் விசா ஒரே ஒருமுறை நுழைவதற்கானது. கவுண்டரிலிருந்து நேராகப் படகுக்குப் போகலாம். அதற்குப் பிறகு கரையில் கால் வைக்கக் கூடாது.

(அடியில் போட வேண்டிய குறிப்பு: முன்பு தேதி தவறினால் கிஸ்லேன் போய்ப் பல்லைக் காட்டுவார், அதிகாரி ஒரு கோடு கிழித்து ரத்து செய்வார். இப்போது பல்லைக் காட்டினால் இயந்திரம் படம் எடுத்துக்கொள்கிறது.)

3

கிஸ்லேனை வில்லனாக்கிப் பார்த்தேன். படியவில்லை. “என் பழக்கம் உன் தலையில விடிஞ்சுதேம்மா” என்று அவளிடமே அழுதவரை எந்த வாசகர் வெறுப்பார்?

உல்லாசப் படகில் எல்லோரும் வெறுங்கால்தான். செருப்பெல்லாம் கரையில் ஒரு கூடையில் கிடக்கும். ஆக, மர்லீஸின் செருப்பு ஐரோப்பாவுக்குள், கால் வெளியே. இந்த வரியை எழுதியதும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

4

வெள்ளிக்கிழமை கிஸ்லேன் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதில், தேர்வாளர் டன்வூடி, ஓய்வுபெற்ற ஸ்காட்லாந்துக் கேப்டன், மடக்கு நாற்காலியோடு கரைக்கே வந்தார். உரிமையாளரின் விருந்தாளிகள் இருப்பதால் வெளியாள் ஏறக் கூடாதென்று படகின் கேப்டன் சொல்லிவிட்டார். டன்வூடி கரையில், அவள் ஏறுபலகையின் மேல்முனையில். நடுவே மூன்று மீட்டர் தண்ணீர்.

“மூடுபனி. ரேடார் போச்சு. முன்னாடி ஒரு சங்கு ஊதுது. என்ன பண்ணுவே?”

“வேகத்தைக் குறைப்பேன் சார். தேவைப்பட்டா நிறுத்திடுவேன்.”

“காதுல விழல!”

“நிறுத்திடுவாளாம் சார்!” என்றார் பக்கத்துப் படகின் சமையல்காரர் ரொடெல்.

“உன்னையா கேட்டேன்? நீ வெங்காயத்தை நறுக்கு.”

நாற்பது நிமிஷம். கடைசியில் டன்வூடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “போன வருஷம் உள்ளே உக்காந்து பதில் சொன்னவங்களைவிட நீ தேவலாம். பாஸ்.”

ரொடெல் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினார். டன்வூடி மடியிலிருந்த டேப்லட்டில் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்து, ஒரு காலிக் கட்டத்தருகே விரலை நிறுத்தினார்.

“‘தேர்வு நடந்த இடம்’னு கேக்குது. ஆன்டீப்னு போட்டா, நேத்தே போனவ இன்னிக்கு எப்படி இங்கேன்னு மெஷின் கேக்கும். திருட்டுத்தனமா இறங்கினவன்னு ஆயிடும். அப்புறம் உனக்கு எவனும் விசா தர மாட்டான். கடல்னு போட்டா, கடல்ல தேர்வு நடத்த எனக்கு அதிகாரமில்ல. சான்றிதழ் செல்லாது.”

“நீங்க உக்காந்திருக்கற இடத்தைப் போடுங்க சார்” என்றாள் மர்லீஸ்.

“பரீட்சை எனக்கில்லையேம்மா.”

“காலியா விட்டுடுங்களேன்” என்றார் கிஸ்லேன்.

“விட்டா அடுத்த பக்கம் வர மாட்டேங்குது.”

5

முடிவு அ: ஆன்டீப் என்று போட்டார். அவள் துணைக் கேப்டனானாள். இரண்டு வருஷம் கழித்து ஒரு விமான நிலையத்தில் கண்ணாடிமேல் விரல் வைத்தபோது...

முடிவு ஆ: கடல் என்று போட்டார். அவள் இன்னும் தளம்...

முடிவு இ: இரக்கமுள்ள ஓர் அதிகாரி வருகிறார். (அந்தச் சரக்கு கடையில் இல்லை.)

கிஸ்லேன் சொன்னதும் இவ்வளவுதான். இந்த இடத்தில் அவருக்கு போன் வந்து, எழுந்து போய்விட்டார். டன்வூடியின் ரயில் மூன்று மணிக்கு. கட்டத்தை உங்களிடம் நீட்டுகிறேன்.

தேர்வு நடந்த இடம்: ____________

யோசித்துப் போடுங்கள். நீங்கள் எதைப் போட்டாலும், அதற்குக் கீழே கையெழுத்துப் போடப்போவது அவள்.