அம்மா வீட்டு ஃப்ரிட்ஜ்

பழைய ஃப்ரிட்ஜ்களை உடைப்பதற்கு முன்னால் உள்ளேயிருக்கும் வாயுவை உறிஞ்சியெடுக்கிற பட்டறை அது. அங்கே அவளை எல்லோரும் ‘கேஸக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தனையோ பெட்டிகள் அவள் கைக்கு வந்து போயிருக்கின்றன. எதையும் அவள் நின்று பார்த்ததில்லை. அன்று அண்ணன் வேனிலிருந்து இறக்கிய இளம்பச்சைப் பெட்டியைக் கண்டதும் மட்டும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டாள். அம்மா வீட்டு ஃப்ரிட்ஜ்.

அம்மா போனபிறகு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள்.

“ரிப்பேர் பண்ணிக் குடு. எங்க வீட்லயே வச்சுக்கறேன்” என்றார் அண்ணன்.

அவள் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். “கம்ப்ரஸர் போயிடுச்சுண்ணே. ஓடினாலும் யானைப் பசிக்குக் கரன்ட் தின்னும். கேஸை எடுத்துட்டு உடைக்கத்தான் குடுக்கணும்.”

“ஒரே ஒரு பெட்டி. இதாலதான் உலகம் சூடாகப்போகுதா?”

“எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. உள்ள இருக்கறது கைப்பிடி கேஸ்தான். ஆனா அது வெளிய போனா, நீ மாசக்கணக்கா கார் ஓட்டி விடற புகைக்குச் சமம்.”

“கல்நெஞ்சுக்காரிடி நீ” என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் பெட்டியின் கதவைத் திறந்தாள். அந்தத் தெருவுக்கே முதன்முதலாக வந்த ஃப்ரிட்ஜ் அது. முட்டை வைக்கும் குழிகளில் எதிர்வீட்டு டீச்சரின் இன்சுலின் பாட்டில்கள் இருக்கும். வெண்ணெய்த் தட்டில் மூலைவீட்டு போட்டோகிராபரின் ஃபிலிம் சுருள்கள். “இது ஃப்ரிட்ஜா, சத்திரமா?” என்று அம்மா அலுத்துக்கொள்வாள், ஆனால் யாரையும் வேண்டாமென்று சொன்னதில்லை. கோடை மதியங்களில் தெருப்பிள்ளைகள் டம்ளரோடு வரிசை கட்டுவார்கள். ஐஸ் பங்கிடும் அதிகாரி அண்ணன்தான். சிநேகிதர்களுக்குப் பெரிய துண்டு, தங்கைக்குப் பொடி! அவள் அழுதபிறகுதான் தன் டம்ளரில் இருப்பதைக் கொட்டிக் கொடுப்பார்.

அவள் செம்புக்குழாயில் வாயுவை உறிஞ்சும் பிடிப்பானை மாட்டினாள். தினம் செய்கிற வேலை. ஆனாலும் அன்று திருகு கைக்கு அடங்காமல் வழுக்கியது. இரண்டாவது தடவையும் வழுக்கியபோது கண்ணீர் மறைத்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, “இப்படிக் குடு” என்று வாங்கி முறுக்கினார்.

உறிஞ்சும் இயந்திரம் உறுமத் தொடங்கியது. வாயு கொஞ்சம் கொஞ்சமாக சிலிண்டருக்குள் ஏறியது.

“ஃப்ரீசருக்குள்ள கையை வச்சுப் பாருண்ணே” என்றாள்.

அண்ணன் வைத்தார். முகம் மாறியது. “ஏய், சில்லுங்குது! செத்துப்போச்சுன்னியே?”

“உள்ள தேங்கியிருந்த கேஸ் ஆவியாகிப் போறப்ப சூட்டை இழுத்துக்கிட்டுப் போகும். இதுதான் கடைசிக் குளிர்.”

அவளும் பக்கத்தில் கையை வைத்தாள். குளிர் விட்டுப்போகும்வரை இருவரும் கையை எடுக்கவில்லை. பிறகு சிலிண்டரின் வால்வை இறுக மூடினாள். அண்ணனும் அவளுமாகப் பெட்டியை உடைப்புக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரமே வேன் மறுபடி வாசலில் வந்து நின்றது. பின்னால் மச்சான் வீட்டுப் பழைய ஏ.சி.

“யாரோ ஒருத்தன் பழைய இரும்புக்கு எடுத்துட்டுப் போறேன்னு குழாயை வெட்டப் பாத்தான், கேஸெல்லாம் வெளிய போயிருக்கும்” என்றார் அண்ணன், இறங்கும்போதே. “விடுவேனா நான்?”