இடுக்கில் இட்ட கலவை

1

இந்தக் கதை ஒரு கொத்தனார் கேட்ட கேள்வியில் கிடைத்தது. எங்கள் தோட்டத்துப் பாத்தி ஓரமாகக் கல் பதித்துவிட்டு, "இடுக்குல வெறும் மணல் போதுமா, சிமென்ட் கலந்து போடட்டுமா?" என்றார். என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"மணல்னா நாளைக்கே கல்லைப் பேத்துக்கலாம். சிமென்ட்னா உடைச்சாதான் வரும்."

நான் மணல் போடச் சொன்னேன். பிறகு, சிமென்ட் கேட்கக்கூடிய ஒருத்தியைத் தேடிக் கதைக்குள் போனேன்.

2

முதல் தொடக்கம்: "கற்களுக்கு நடுவே ஒரு மௌனம்..."

(அடித்துவிட்டேன். கல்லைக் கண்டதும் மௌனம் என்று எழுதுகிற கையை நம்பக் கூடாது.)

இரண்டாம் தொடக்கம்: அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே சுற்றுச்சுவருக்குள் ஆளுக்கொரு வீடு, பொதுவாக ஒரு தோட்டம். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று, அக்கா நட்ட எலுமிச்சையைத் தங்கை ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிப்போட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. தோட்டத்தை இரண்டாகப் பிரித்துக் குறுக்கே ஓரக்கல் பதிக்க அக்கா ஆள் வரவழைத்தாள்.

இது தேவலை. மேலே போகிறேன்.

3

கொத்தனார் சிமென்டையும் மணலையும் தண்ணீர் சேர்க்காமல் கலந்து, இடுக்குகளில் கூட்டித் தள்ளினார்.

"சாயங்காலம் வந்து தண்ணி தெளிக்கிறேன்மா. அதுவரைக்கும் இது வெறும் பொடிதான். ஒரு சொட்டு தண்ணி படாம பாத்துக்குங்க."

"பட்டா?"

"பிடிச்சுக்கும்."

(இந்தக் கொத்தனார்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. கதைக்கு வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடக் கிளம்புகிறார். முழங்கால் வலி ஒன்று கொடுத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.)

தண்ணீர் படக்கூடாது என்பதால் அக்கா அன்று கல்லை ஒட்டியிருந்த தன் மிளகாய் நாற்றுகளுக்கும் ஊற்றவில்லை. மதியம் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தபோதுதான் அது அவள் கண்ணில் பட்டது. எலுமிச்சையின் அடிக்கட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு துளிர். அதைச் சுற்றி யாரோ செங்கல் அடுக்கியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, தங்கைதான். காரை இன்னும் தெருவிலேயே நிறுத்தியிருந்தாள்.

அக்கா அடுப்பை அணைத்தாள். பொடியைக் கூட்டி எடுத்துவிடலாம் என்று விளக்குமாறு தேடப் போனாள்.

4

அதே நேரம் தங்கை வெளியே வந்தாள். அக்காவின் நாற்றுகள் தலை தொங்கிக் கிடந்தன. கோபத்தில் செடியைக் கூடக் காயப்போடுகிறாளே என்று நினைத்துக்கொண்டு குழாயை இழுத்து வந்து தண்ணீரைப் பீய்ச்சினாள். இடுக்கில் இருப்பது வெறும் மணல் என்றுதான் அவளுக்கு எண்ணம்.

விளக்குமாறும் கையுமாக அக்கா ஓடிவந்தாள்.

"தண்ணிய நிறுத்துடி!"

இத்தனை நாள் கழித்து அக்கா வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

"உன் செடிக்கு நான் தண்ணிகூட ஊத்தக் கூடாதா? நல்லா இரு, போ."

குழாயை அப்படியே வீசிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். குழாய் ஓரக்கல் பக்கத்தில் விழுந்து, ஒவ்வொரு இடுக்காக நனைத்துக்கொண்டே கிடந்தது.

5

முடிவு ஒன்று: கலவை இறுகியது, அக்கா அழுதாள். (சோம்பேறித்தனம்.)

முடிவு இரண்டு: கதவு திறந்தது, இருவரும் கட்டிக்கொண்டு... (இதை நானே நம்ப மாட்டேன்.)

நனைந்த கலவை இறுகக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்று எங்கள் கொத்தனாரிடம் விசாரித்து வைத்திருக்கிறேன். அதற்குள் ஒருத்தி கல்லைத் தூக்க, இன்னொருத்தி இடுக்கைக் கழுவ வேண்டும். ஒற்றை ஆளால் ஆகிற வேலையில்லை.

அக்கா குழாயை மூடிவிட்டாள். தங்கையின் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அக்கா கூப்பிடுவாளா, கூப்பிட்டால் தங்கை வருவாளா என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. கூடப்பிறந்தவளோடு பேசாமல் இருந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். வெயில் வேறு கொளுத்துகிறது.