ஒல்லிக் கன்று

என் அம்மா படுத்த இடத்திலிருந்தே தோட்டத்தை ஆள்கிறவள். ஜன்னலைத் திறந்து வைத்தால் வீட்டின் பின்னால் இருக்கும் மூன்று வாழையும் தெரியும். எட்டு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது, இனி நடக்க வேண்டியதுதான் பாக்கி என்று டாக்டர் சொல்லி நான்கு மாதம் ஆகிறது. கால் தரையில் பட்டாலே "உயிர் போகுதுடி" என்பாள். நானும் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, மறுபடி படுக்கவைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு நாற்பத்தொரு வயது. பல்செட் செய்யும் லேபில் வேலை. வேறு ஊரில் ஒரு பெரிய லேபுக்குத் தலைமைப் பொறுப்பில் கூப்பிட்டிருந்தார்கள். இன்று ஐந்து மணிக்கு அதன் முதலாளி போன் செய்வார். வருகிறேனா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். அண்ணன் தட்டிக் கழிக்கவில்லை, பாவம். "அம்மா படி ஏறட்டும், மறுநாளே கூட்டிட்டு வந்துடறேன். என் வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, நான் என்ன பண்ண?" என்றான். ஆக, அம்மா நடந்தால் நான் போகலாம். இல்லாவிட்டால் இந்த வீடே கதி.

மூன்று மணிக்கு அம்மா வாழைப் பேச்சை எடுத்தாள். நடு வாழை குலை தள்ளியிருந்தது. அடியில் ஐந்து கன்று முளைத்திருந்தன.

"ஒண்ணு நின்னா போதும். மத்ததெல்லாம் தாய் வாயிலேருந்து பிடுங்கித் திங்கற கூட்டம், குலை சூம்பிப் போயிடும். சும்மா சீவிட்டு வராதே, குருத்தைத் தோண்டிப் போடு. இல்லன்னா நாளைக்கே எட்டிப் பார்க்கும்."

"இன்னிக்கேவாம்மா?"

"இன்னிக்கு உனக்கு வேற என்ன வேலை?"

என்ன வேலை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரியாதது போல் முகத்தை வைத்துக்கொள்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வாழைக்கறை பட்டால் போகாது என்று பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு அரிவாளும் கடப்பாரையுமாக இறங்கினேன். மூன்று கன்றுகளை அறுத்துக் குருத்தைத் தோண்டி எறிந்தேன். மனதில் இருந்த எரிச்சல் முழுவதும் கைக்கு வந்திருந்தது. மிச்சம் இரண்டு. ஒன்று அகல அகலமாய் இலை விரித்துக் கொழுகொழுவென்று நின்றது. இன்னொன்று ஈட்டி போன்ற இலைகளோடு, பட்டினி கிடந்தது போல ஒல்லியாக. யாராயிருந்தாலும் கொழுத்ததைத்தான் வைத்துக்கொள்வார்கள். ஒல்லியின் அடியில் கடப்பாரையை ஊன்றினேன்.

ஜன்னலிலிருந்து அம்மா ஏதோ கத்தினாள். பக்கத்து வீட்டு மோட்டார் சத்தத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. "சரி சரி" என்று கையைக் காட்டிவிட்டு முதல் குத்துக் குத்தினேன்.

இரண்டாவது குத்துக்கு ஓங்கியபோது யாரோ கடப்பாரையைப் பிடித்தார்கள்.

அம்மா. வெறுங்காலோடு, தடி இல்லாமல், மூன்று படி இறங்கி ஈர மண்ணில் நடந்து வந்திருந்தாள். மூச்சுக்கூட வாங்கவில்லை.

"கண்ணு தெரியலையாடி உனக்கு? ஒல்லியா இருக்கறதுதான் கிழங்கை இறுக்கிப் பிடிச்சுட்டு வளரும். அந்தக் குண்டு வெறும் தண்ணி. காத்தடிச்சா சாயும். எத்தனை தடவை சொல்லிருக்..."

நான் அவள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா. நீ வேலைக்குப் போனப்புறம் சமையக்கட்டு வரைக்கும் நடப்பேன்."

"ஏம்மா இப்படி?"

"நடந்தா நீ போயிடுவே." அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. "உன்னை விட்டா எனக்கு யாருடி இருக்கா?"

வந்த ஆத்திரத்தில் கடப்பாரையைத் தூக்கி எறிந்தேன். என் இடுப்பு ஒடிய ஒடிய, நடக்க முடிந்தவளை இரண்டு மாதம் தூக்கியிருக்கிறேன்! ஒரு நாளாவது பாவம் பார்த்தாளா? அம்மா மெல்லக் கையை நீட்டினாள். வழக்கம்போல நான் தோள் கொடுத்தேன். வழக்கம்போல அவளும் முழு பாரத்தையும் என்மேல் போட்டாள். அப்படியே படியேறினோம்.

ஐந்து மணிக்குப் போன் அடித்தது.

"என்னம்மா, முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார் முதலாளி.

வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. புது ஊர், முன்பின் தெரியாத ஆட்கள், இந்த வயதில் தனியாக ஒரு வீடு. அம்மாவின் கால்தான் குறுக்கே நிற்கிறது என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். இன்று குறுக்கே எதுவும் இல்லை. எனக்குப் போகப் பயமாக இருந்தது.

"மன்னிச்சுக்குங்க சார். அம்மாவால இன்னும் நடக்க முடியல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அம்மா எதையும் பிடித்துக்கொள்ளாமல் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"உள்ள போய்ப் படும்மா," என்றேன். "யாராவது பாத்துடப் போறாங்க."