ஓடாத படத்தில் ஜமால் அண்ணன்

உளவாளிப் படமாம், அதிலும் சிரிப்புப் படமாம். இந்தியில் பேர்போன நட்சத்திரங்களில் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். காட்கோபர் தியேட்டரில் பகல் காட்சிக்கு உட்கார்ந்திருந்த நாங்கள் ஏழெட்டுப் பேரும் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. பின்னால் ஒருவர் குறட்டையே விட்டார். என் புருஷனாக இருந்தால் விலாவில் இடித்திருப்பேன். இந்தப் படத்துக்கு அவர் செய்ததே சரி என்று விட்டுவிட்டேன்.

நானும் எழுந்து போயிருப்பேன். மதீனா மைனிக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

தாராவியில் எங்களுக்கு அடுத்த வீடு அவள். புருஷன் ஜமால் அண்ணன் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். போன வருஷம் எங்கள் சந்தில் இந்தப் படத்துக்கு ஷூட்டிங் நடந்தபோது, பட்டறை வாசலில் பை விற்கிறவராக அவரையே நிற்க வைத்தார்கள். அன்றிலிருந்து ஒரே அலட்டல்தான்.

"நானும் ஸ்டார்தாம்லே!"

"உம்ம சீன வெட்டித் தூக்கிருப்பான் வே" என்று சந்தே கேலி பண்ணும். "படம் வரட்டும், பாத்துக்கிடுதேன்" என்பார். படம் வரும் முன்னே நெஞ்சுவலியில் போய்விட்டார், பாவி மனுஷன்.

மைனி இப்போது இத்தாவில் இருக்கிறாள். புருஷன் மௌத்தானால் நாலு மாதம் பத்து நாள் வீட்டுப் படி தாண்டக் கூடாது. படத்தைப் பார்த்துவரச் சொல்லித் தன் கொழுந்தனிடம் கேட்டால், துக்க வீட்டில் சினிமாப் பேச்சா என்று ஏசுவார். கொஞ்ச நாளில் படம் போனிலேயே வரும்தான். அதுவரை அவளுக்குப் பொறுக்க முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா ஜெபா, நீ போய்ப் பாத்துட்டு வா. அவ்வொ அதுல இருக்காவளா, இல்லையா? அது போதும். இல்லைன்னாலும் உள்ளதச் சொல்லணும், என்னா?"

ஆக, பொய் சொல்லவும் வழியில்லை. இடைவேளை வரை ஜெர்மனி, துருக்கி என்று சுற்றினார்கள். எங்கள் சந்தின் வாடையே இல்லை. வெட்டியிருந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? "கர்த்தரே, ஒரு நிமிஷமாவது காட்டும்" என்று ஜெபமே பண்ணிவிட்டேன். சிரிப்புப் படத்தில் ஜெபம் பண்ணியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடைசியில் எங்கள் சந்து வந்தது. ஹீரோ ஓடி வந்து பைகளைத் தள்ளிவிட்டான். அங்கே நின்றார் ஜமால் அண்ணன்! விழுந்த பைகளைப் பார்த்துப் பதற வேண்டியவர், நேராக என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். அவ்வளவுதான், கார் ஒன்று குறுக்கே வந்து மறைத்துவிட்டது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குறட்டைக்காரர் பதறி எழுந்து "க்யா ஹுவா?" என்று என்ன ஆச்சென்று கேட்டார்.

"குச் நஹி, தும் ஸோ ஜாவ்" என்றேன். ஒன்றுமில்லை, நீர் தூங்கும் என்று.

நான் மைனி வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"இருக்காவ மைனி. முகம் நல்லாத் தெரியுது."

அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். நானும் கூட அழுதேன். பிறகுதான் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆனா அண்ணனுக்கு நடிப்பு சுட்டுப் போட்டாலும் வராது. பையப் பாக்காம கேமராவப் பாத்துச் சிரிக்காவ. விவரமான டைரக்டர்னா அந்த ஷாட்டத் தூக்கிருப்பான். இவன் கூறுகெட்ட பய, அப்படியே விட்டுட்டான்."

மைனி முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கேமராவ எங்க பாத்தாவ, ஏளா? அதுக்குப் பின்னாடி கூட்டத்துல நான்லா நின்னேன். 'சோக்கா இருக்கிய'ன்னு கையக் காட்டுனேன். என்னையப் பாத்துத்தான் சிரிச்சாவ."

அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"போன்ல வந்தாலும் அந்தச் சிரிப்பு இருக்கும்லா?"

"இருக்கும் மைனி."

தியேட்டரில் அந்த டைரக்டரை நான் திட்டாத திட்டு இல்லை. அவன் பிள்ளைகுட்டியோடு நல்லா இருக்கட்டும்.