பத்திரகாளி வைத்த கதவு

கதவு வைக்கச் சொன்னது நான்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் போட முடியாது.

அறுபத்தைந்தாம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ரேஷன் கார்டு உள்ளவனுக்குக் கோதுமை, இல்லாதவனுக்கு ஒன்றுமில்லை. கோவில்பட்டி தாலுகா ஆபீசில் நான் பியூன். கார்டு கேட்டு வருகிறவர்களை வரிசையில் நிறுத்துவது என் வேலை.

பத்திரகாளி ஐந்தாவது முறையாக வந்து நின்றாள். கண்மாய்க்கரையில் குடிசை போட்டிருக்கும் காட்டுநாயக்கர் கூட்டத்தவள். விடியுமுன் எங்கள் தெருவைக் கூட்டுகிறவள். புருஷன் சின்னக்கருப்பன் காய்ச்சலில் கிடந்தான். இரண்டு பெண்பிள்ளைகளும் புளியங்கொட்டையை வறுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"வீட்டு நம்பர் இல்லன்னு மறுபடியும் திருப்பி விட்டுட்டாவ, சாமி."

உள்ளே போய் கிளார்க்கிடம் கேட்டேன். "சாக்கு தொங்குத குடிசையை வீடுன்னு எப்படிவே எழுத? ஒரு கதவாவது வேண்டாமா?" என்றார்.

வெளியே வந்து, பெரிய மேதாவி போல, "ஏட்டி, ஒரு கதவை வையி. நம்பர் தானா வரும்" என்றேன்.

வைத்துவிட்டாள். பழைய மரம் விற்கும் பீர் முகம்மது கடையில் பத்து நாள் மரச்சட்டம் சுமந்தாள். கூலிக்குப் பதில் கதவு கேட்டாள். அவர் எட்டயபுரத்தில் இடித்த வீட்டிலிருந்து வந்த தேக்குக் கதவாகப் பார்த்துக் கொடுத்தார், நல்ல மனுஷன். போய்ப் பார்த்தேன். குடிசையைவிடக் கதவு உயரம். வேப்பங்கம்பு நட்டு நிறுத்தியிருந்தாள். பிள்ளைகள் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுவாரம் கார்டு விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே தலையாரியும் நானும். கதவைத் தட்டிப் பார்த்தார்.

"இது கண்மாய்ப் புறம்போக்கு. சாக்கு தொங்கின வரைக்கும் சும்மா விட்டோம். இப்போ கதவே போட்டாச்சா? இது ஆக்கிரமிப்பு. பிரிச்சு எறிங்க."

"ஐயா, கார்டுக்குத்தான் இந்தக் கதவை..." என்றேன்.

"நீ என்ன வக்கீலா?"

இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றேன். எனக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். கதவு இல்லாவிட்டால் வீடு இல்லையாம், கதவு இருந்தால் குற்றமாம். இந்த நியாயத்தை எந்தப் புத்தகத்தில் எழுதி வைத்தார்களோ, அது நாசமாகப் போக.

பத்து நிமிஷத்தில் குடிசை போய்விட்டது. கதவை அத்தாட்சி என்று ஆபீசுக்குத் தூக்கிவரச் சொன்னார். ஒரு பக்கம் தலையாரி பிடித்தான். மறுபக்கம் நான் பிடித்தேன்.

மறுநாள் காலை பத்திரகாளி பிள்ளைகளோடு வந்தாள். ஏசியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"சாமி, ரோட்டோரத்துல ஒரு வேப்பமரம் நிக்கி. அந்தக் கதவைத் தந்தா அங்கன கொண்டு வைக்கேன். அங்கன வச்சா நம்பர் குடுப்பாவளா?"

என்னைப் போய்க் கேட்கிறாள், இன்னமும் என்னை நம்பி.

"வரிசையில நில்லுட்டி" என்றேன். என் வாயில் வந்தது அதுதான்.

அவள் போய் வரிசையில் நின்றாள்.